ரெண்டு சம்பந்தி, ஒரு மலை

— அப்போ மூணாவது நாள் காலையில கணவாய். அதத் தாண்டி நாலு எட்டு இறங்கினா, எதிர்ல பாழடைஞ்ச நகரம். அந்த இடத்துல யாரும் பேச மாட்டாங்கம்மா. எப்பேர்ப்பட்ட வாயாடியும் வாய மூடிக்குவாங்க.

— கேட்டீங்களா சம்பந்தி? என்னைத்தான் சொல்றாரு.

— ஐயோ, உங்களச் சொல்லலம்மா. பொதுவாச் சொன்னேன்.

— சொன்னாத்தான் என்ன தம்பி, உள்ளதுதானே? பேக்கரி வச்சிருக்கேன். என் கடையில பன்னு பாதி, பேச்சு பாதி. எங்க சம்பந்தி அப்படி இல்ல. பள்ளிக்கூடத்துல சரித்திரம் நடத்தினவங்க. அளந்துதான் பேசுவாங்க.

— நீங்க பேசுறதுலயே எனக்கும் சேர்த்து ஆயிடுது சம்பந்தி. சார், அந்த மேப்புல சிவப்பு ஊசி குத்தியிருக்கே, அதுதானே நகரம்?

— அதேதான் டீச்சர். நீல ஊசி ஏரி. இப்படிக் கிட்ட வந்து பாருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

— பாடப் புத்தகத்துல தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம் போட்டிருப்பாங்க சார். மை அப்பி, ஒண்ணும் தெரியாது. அதக் காட்டி, "என்ன கம்பீரம் பாருங்க"ன்னு வருஷா வருஷம் சொல்லுவேன். ஒரு பையன் எந்திரிச்சு, "டீச்சர், இது நகரமா, நசுங்கின கரப்பான் பூச்சியா?"ன்னு கேட்டான்.

— ஆஹாஹா! இத எங்கிட்ட சொல்லவே இல்லையே!

— எல்லாத்தையும் வார்டுலயே சொல்லித் தீத்துட்டா, அப்புறம் பேசுறதுக்கு என்ன இருக்கும்?

— வார்டா? எந்த வார்டு டீச்சர்?

— சம்பந்திக்குப் போன வருஷம் நெஞ்சுல ஆபரேஷன் தம்பி. நுரையீரல்ல ஒரு பக்கம் கொஞ்சம் வெட்டி எடுத்துட்டாங்க. இப்போ பாருங்க, கல்லு மாதிரி இருக்காங்க.

— பாருங்கம்மா, இத உள்ள வந்ததும் சொல்லியிருக்கணும்.

— சொல்லத்தான் வாயத் திறந்தேன் சார். அதுக்குள்ள நீங்க கணவாய்க்கே கூட்டிட்டுப் போயிட்டீங்க. இந்தாங்க, டாக்டர் எழுதிக் குடுத்தது. மெதுவா ஏறலாம். மூச்சு வாங்கினா நின்னுடணும். தலைவலி வந்தா பிடிவாதம் பிடிக்காம இறங்கிடணும்.

— படிச்சுட்டேன் டீச்சர். டாக்டர் கீழ உக்காந்து எழுதுறார், கணவாய் மேல இருக்கு. நான் இந்த டூர் ஆபீஸ்ல உக்கார்றதுக்கு முன்னாடி அங்க வழிகாட்டியா இருந்தவன். ஒருத்தர் வந்தார், மாடு மாதிரி உடம்பு. நமக்கெல்லாம் மூச்சு வாங்குமான்னு பாட்டுப் பாடிக்கிட்டே ஏறினார். கணவாய் முகப்புல உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. நானும் இன்னொரு ஆளும் மாத்தி மாத்தி முதுகுல சுமந்து இறக்கினோம். பிழைச்சுட்டார். ஆனா அந்த உதட்டு நிறம் இன்னும் என் கண்ண விட்டுப் போகல. மலை ஆளப் பாத்துச் சலுகை குடுக்காதும்மா.

— அப்போ சம்பந்தி வரக் கூடாதுங்கிறீங்களா?

— வரட்டும். ஏரி வரைக்கும் வரட்டும். அங்க நல்ல விடுதி இருக்கு. நீங்க மட்டும் கணவாய் ஏறி நகரத்தப் பாத்துட்டு மறுநாள் இறங்குங்க. ஏரியும் லேசுப்பட்டது இல்ல டீச்சர். விடிஞ்சதும் ஜன்னலத் திறந்தா பனிமலை தண்ணிக்குள்ள தலைகீழா நிக்கும். ஒரு பறவை வந்து மூக்க நனைச்சாப் போதும், மொத்த மலையும் நடுங்கும். அதப் பாத்து அழுதவங்க உண்டு.

— சார் சொல்றது நியாயம்தான் சம்பந்தி. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லுங்க.

— நான் பாத்து உங்களுக்குச் சொல்றதா?

— ஏன், பேசத் தெரியாதா உங்களுக்கு?

— எனக்கு என்ன தெரியும் சம்பந்தி? நான் போனா கல்லத்தான் பாப்பேன். கல்லு, கல்லு, இன்னொரு கல்லு. நீங்க கூட நின்னாத்தானே அது வீடாகும், தெருவாகும், ஆள் நடமாடும்? தம்பி, இவங்க வார்டுல படுத்திருந்தப்ப பகல்ல நான்தான் துணை. இவங்க பொண்ணு வேலைக்குப் போயிடும். அது சாயங்காலம் வர்றதுக்கு முன்னாடி நான் கிளம்பிடுவேன், ஷிப்ட் மாத்துற மாதிரி. ஆபரேஷன் பண்ண இடத்துல வலி. பல்லக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பாங்க. நான், "ஏதாவது பேசுங்க சம்பந்தி, வலி மறக்கும்"னு சொன்னேன். உடனே என்ன ஆரம்பிச்சாங்க தெரியுமா? "முன்னொரு காலத்துல மலை உச்சியில ஒரு நகரம் இருந்தது."

— வேற எது சொன்னாலும் நடுவுல புகுந்து நீங்க பேசிடுவீங்க. அது ஒண்ணுதான் உங்களுக்குத் தெரியாத விஷயம்.

— பாத்தீங்களா? மூக்குல குழாய், கையில ஊசி, மூச்சு விட்டு விட்டு வருது. அப்படியே சொன்னாங்க தம்பி. சாந்தே இல்லாம கல்லு மேல கல்லு எப்படி உக்காந்திருக்குன்னு, என் கைய மேல கீழ வச்சுக் காட்டினாங்க. தண்ணி எங்கிருந்து வந்துச்சு, எந்த வாய்க்கால்ல இன்னும் ஓடுதுன்னு சொன்னாங்க. அந்த ஊர் ஜனங்க ஒரு நாள் கதவச் சாத்திட்டு, சட்டி பானையெல்லாம் கவுத்து வச்சுட்டு, எல்லாரும் கிளம்பிப் போயிட்டாங்களாம். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. பக்கத்துப் படுக்கைக்காரம்மா, "நாளைக்கு மிச்சத்தச் சொல்லுங்க டீச்சர், நான் அதுக்குள்ள வீட்டுக்குப் போக மாட்டேன்"னு நர்ஸ்கிட்ட சண்டை போட்டுச்சு. வலியில சாகக் கிடந்த மனுஷி, எங்களுக்குக் கதை சொன்னாங்க. இவங்கள ஏரிக்கரையில உக்கார வச்சுட்டு நான் மட்டும் போய்ப் பாக்கணுமா?

— சம்பந்தி, கொஞ்சம் தண்ணி குடிங்க.

— எனக்கு வேணாம்.

— குடிங்க. சார், அவங்க சொன்னதுல ஒரு பாதி விட்டுப் போச்சு. அது நான் சொல்லணும். நான் சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிச்ச நாள்ல, விடிகாலையில கடைய மூடிட்டு வந்துடுவாங்க. கை முழுக்க மாவு. கையில சூட்டோட ஒரு ரொட்டி. அதக் குடுக்க மாட்டாங்க. பக்கத்துல சும்மா வச்சுட்டுப் பேசிக்கிட்டே இருப்பாங்க. அந்த வாசனைக்கு எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்க முடியும்? கடைசியில நானே கை நீட்டுவேன். கேட்டா, "நான் எங்க குடுத்தேன், நீங்களா எடுத்தீங்க"ன்னு சொல்லுவாங்க. என்னை எழுப்பி உக்கார வச்சது மருந்து பாதி, இவங்க பாதி.

— பன்னு பாதி, பேச்சு பாதின்னு சொன்ன மாதிரி.

— சிரிக்காதீங்க தம்பி, நான் கோபமா இருக்கேன்.

— சிரிக்கலம்மா. ஒண்ணு கேக்கட்டுமா? நகரத்துல நீங்க எதப் பாக்கணும்னு ஆசப்படுறீங்க? கோட்டை வாசலா? ராஜா மாளிகையா?

— அடுப்பு.

— என்னது?

— அங்க அடுப்புக்குன்னே ஒரு தெரு இருக்காமே? ஊருக்கே பொதுவா ரொட்டி சுட்ட அடுப்பு. சம்பந்தி சொன்னாங்க. அந்தக் காலத்துலயும் எவளோ ஒருத்தி என்னை மாதிரி முன்கையெல்லாம் சூட்டுத் தழும்போட நின்னிருப்பா. அந்த அடுப்புக்குள்ள என் கைய விட்டுப் பாக்கணும். அவ்வளவுதான்.

— அம்மா... நான் எத்தனையோ பேரக் கூட்டிட்டுப் போயிருக்கேன். எல்லாரும் அந்தத் தெருவத் தாண்டிக் கோட்டை மேடைக்கு ஓடுவாங்க, படம் எடுக்க. நான் மட்டும் அங்க உக்காருவேன். காத்து படாத தெரு. வெயில் நேரா விழும். அடுப்புக்கு உள்பக்கம் மண்ணு பூசியிருக்கு பாருங்க, அதுல விரல் அச்சு இருக்கு. பூசினவங்க விரல். சின்ன விரல். பொம்பள கையாத்தான் இருக்கணும்.

— விரல் அச்சா? அது எந்தப் புத்தகத்துலயும் இல்லையே சார்!

— புத்தகம் எழுதினவங்க கோட்டை மேடைக்குப் போயிருப்பாங்க டீச்சர்.

— சம்பந்தி, கேட்டீங்களா? விரல் அச்சாம்!

— கேட்டேன். தழும்பு மேலகூடப் புல்லரிக்குது. கையப் பாருங்க.

— சரி. நான் எழுதிக் குடுத்த அந்தக் காகிதத்த இப்படிக் குடுங்க. நாம போட்ட திட்டத்த அடிச்சுடலாம். கணவாய் வழி வேணவே வேணாம்.

— அப்புறம் எப்படி?

— பின்பக்கமா ஒரு பழைய பாதை இருக்கு. இந்த மேப்புல இல்ல. ஆட்டு மந்தை போற வழி. சுத்துதான், ஆனா மலைய ஏய்க்கிற மாதிரி சாஞ்சு சாஞ்சு ஏறும். நடுவுல ஒரு மேய்ச்சல் கிராமம். கல் வீடு, தடிச்ச கம்பளி, நல்ல தண்ணி. அங்க அவசரமே இல்லாம தங்குறோம். பகல்ல கொஞ்சம் மேல ஏறிப் பாத்துட்டு, படுக்கக் கீழ வந்துடணும். அப்படிச் செஞ்சாத்தான் உடம்பு மலையோட சமாதானம் ஆகும். டீச்சருக்கு மூச்சு சரியா இருந்தா மறுநாள் மேல. இல்லன்னா இன்னொரு நாள் தங்கல். அதுவும் சரிப்படலன்னா இறங்குறோம். எதிர்த்துப் பேசக் கூடாது.

— நான் பேச மாட்டேன் சார். இவங்க வாய்க்குத்தான் நீங்க உத்தரவாதம் வாங்கணும்.

— நானும் பேச மாட்டேன்! சத்தியமா! ஆனா அந்த மேட்டுல சம்பந்தி எப்படி நடப்பாங்க?

— நடக்க வேணாம். கோவேறு கழுதை இருக்கு. சாதுவான பிராணி. டீச்சர் அது மேல உக்காந்து ராணி மாதிரி வரலாம்.

— கழுதை மேலயா? என் பழைய மாணவன் யாராவது பாத்தான்னா?

— பாத்தா என்ன? கரப்பான் பூச்சின்னு சொன்னானே, அவனே வந்து கடிவாளத்தப் பிடிக்கட்டும்! தம்பி, வழிகாட்ட யாரு வருவா? பொறுமையான ஆளா அனுப்புங்க. என் பேச்சத் தாங்கணும்.

— யாரையும் அனுப்பலம்மா. நானே வர்றேன்.

— முட்டி தேய்ஞ்சு போச்சுன்னுதான் ஆபீஸ்ல உக்காந்தீங்கன்னு உங்க பையன் காபி குடுக்கிறப்ப சொன்னானே?

— பையன் இல்லம்மா, மச்சான். அவனுக்கு வாய் நீளம். முட்டி தேய்ஞ்சதுதான். அந்த மந்தைப் பாதையில நான் மெதுவா வருவேன். நீங்க பேசிக்கிட்டே வருவீங்க. டீச்சர் கழுதையில வருவாங்க. நாம மூணு பேரும் ஒரே வேகம். நமக்கு முன்னாடி ஆடுங்க போயிடும், பரவாயில்ல. நான் மேல போயி ரொம்ப வருஷம் ஆச்சும்மா. தினமும் இந்த ஊசியப் பாத்துக்கிட்டு அடுத்தவங்கள அனுப்பிக்கிட்டு இருக்கேன். அந்த அடுப்புத் தெருவுல டீச்சர் வாயால கதை கேக்கணும்னு இப்போ ஆசை வந்துடுச்சு.

— சார், நீங்க எனக்காகச் சிரமப்பட வேண்டாம்.

— உங்களுக்காக இல்ல டீச்சர். எனக்காக.

— பாத்தீங்களா சம்பந்தி? நான் சொன்னேனே, நீங்க வாயத் திறந்தா மனுஷன் எந்திரிச்சு நடப்பான்னு!

— நாப்பது நிமிஷம் பேசினது நீங்க. பழி என் மேல.

— ஒண்ணு சொல்லட்டுமாம்மா? இந்த மேஜைக்கு எதிர்ல எத்தனையோ குடும்பம் உக்காந்து சண்டை போட்டிருக்கு. அவர் மலைன்னுவார், அவங்க கடல்னுவாங்க. சம்பந்தி ரெண்டு பேர் கை கோத்துக்கிட்டு வந்தது இதான் முதல் தடவை. சம்பந்தின்னா எங்க வீட்டுல எல்லாம் பத்தடி தள்ளி நின்னு, "சௌக்கியமா"ன்னு கேட்டுட்டு நகந்துடுவாங்க.

— எங்களுக்கும் மொதல்ல அப்படித்தான். கல்யாணத்துல இவங்க என்னை ஒரு முறை முறைச்சாங்க பாருங்க!

— முறைக்கல. வந்தவங்க எல்லார் கையிலயும் ஆளுக்கொரு பன்னு திணிச்சுக்கிட்டு இருந்தீங்க. இது கல்யாணமா, கடை திறப்பு விழாவான்னு பாத்தேன்.

— நல்லா இருங்கம்மா. டீச்சர் பொண்ணு குடுத்து வச்சவங்க, இப்படி ஒரு மாமியார் கிடைக்க.

— காபி ஆறிப் போச்சு தம்பி, குடிங்க.

— இதோ. ஆங், இன்னும் ஒண்ணு பாக்கி. மேல போன் எடுக்காது. ஏதாவது ஒண்ணுன்னா நம்ம ஆபீஸ்லேருந்து வீட்டுக்குத் தகவல் சொல்லணும். உங்க பையன் நம்பர் சொல்றீங்களா, டீச்சர் பொண்ணு நம்பரா? ஒரே வீடுதானே, எதாவது ஒண்ணு போதும்.

— நம்பரா தம்பி?

— என்னம்மா, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறீங்க?

— நீங்களே சொல்லுங்க சம்பந்தி.

— ஒண்ணு போதாது சார். ரெண்டையும் தனித்தனியா எழுதிக்கோங்க. என் பொண்ணும் இவங்க பையனும் விவாகரத்து வாங்கி மூணு வருஷம் ஆச்சு.

— மூணு வருஷமா? ஆபரேஷன் போன வருஷம்னுதானே சொன்னீங்க? அப்போ வார்டுல... ரொட்டி...

— சம்பந்தம்தான் தம்பி முறிஞ்சது. சம்பந்தி முறியலையே!