நடுவில் விட்ட பாகங்கள்

“…நாலாம் பாகம் முடிச்ச கையோட நேரா கடைசி பாகத்துக்குப் போறேன்,” என்றார், கணபதிக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டு அம்மா. மடியில் சாகச நாவல்.

பக்கத்துப் பெண்ணும் அந்த நாவல் பைத்தியம்தான் போல. “ஏனுங்கக்கா, சோத்துல கை வெச்சதும் மோருக்குப் போறாப்புல இருக்குது! வரிசையாப் படிக்கோணுமுங்க.”

“ஆஸ்பத்திரில எங்க ஊட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டறேன் கண்ணு. இந்த வாரம் தாண்டாதுன்னுட்டாரு டாக்டரு. முடிவு தெரியாம அவரு போகக்கூடாது.”

அந்தப் பெண் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, “நடுவால நடந்ததை நான் சொல்றனுங்க. நீங்க போய் அவருகிட்டச் சொல்லிப்போடுங்க,” என்றாள்.

“சண்டையை மட்டும் சுருக்கிப்போடாத கண்ணு. அவருக்கு அதுதான் உசுரு.”

அவள் சொல்லிவந்த கதை ஏழாம் பாகத்தில் விமானத்தைக் கடத்திக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தது. அந்த அம்மா இறங்கவில்லை. அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கினார்.