மேரனின் இடது நுரையீரல்

வேலை நாட்களில் நான் காபி குடிப்பதில்லை. கை லேசாக நடுங்கும்; குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பவனுக்கு அது ஆகாது. அமெரிக்காவில், டுலூத் நகர மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக அதுதான் என் வேலை.

மேரன் என்ற பெண் குழந்தைக்கு ஒன்றரை வயது. இடது நுரையீரலில் ஒரு கட்டி. நெஞ்சைத் திறக்காமல், மூன்று சிறு துளைகள் வழியே கேமராவை விட்டு எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன் பிராடி. அதற்கு அந்த நுரையீரல் சுருங்கியிருக்க வேண்டும். மூச்சுக்குழாயின் இடது கிளையை ஒரு சிறு பலூனால் அடைத்து, வலது பக்கம் மட்டும் காற்று போகும்படி செய்தேன். பலூன் கொஞ்சம் மேலே நழுவினாலும் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாததல்ல.

அந்த மாதம் வேறு குழந்தைகளுக்கு நடந்த அறுவை சிகிச்சையை இரண்டு முறை பாதியில் நிறுத்தச் சொல்லியிருந்தேன். இரண்டு முறையும் எதுவும் ஆகியிருக்கவில்லை.

"என்ன ஹௌகன், இன்னைக்கும் பயம் வந்துருமா உனக்கு?" என்று கை கழுவும்போதே பிராடி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அறுவை சிகிச்சையின் நடுவே கருவியின் அலாரம் அடித்தபோது அணைத்தேன். சத்தம் பிராடிக்கு இடைஞ்சல்.

நர்ஸ் ஒடெட் என் காதருகே குனிந்தாள். "டாக்டர், ஆக்சிஜன் எழுபதுக்கு வந்துருச்சு."

"கால்ல மாட்டுன சென்சார் நழுவியிருக்கும். சரியா மாட்டு."

"ரெண்டு தடவ மாத்திட்டேன் டாக்டர். திரையில மூச்சுக் கோடும் தட்டையா இருக்கு. சர்ஜன்கிட்ட சொல்லுங்க."

பலூன் நழுவியது அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். அதிலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டால் போதும். இரண்டு விநாடி வேலை. ஆனால் சுருங்கிய நுரையீரல் மறுபடி உப்பும், பிராடி நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். ஒரே ஒரு ரத்தக்குழாய்தான் பாக்கி இருந்தது. முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். ஆறு நிமிடம் ஆயிற்று. இதயம் நின்றதும் எல்லோரும் குழந்தையின் மேல் குனிந்தார்கள். அப்போது காற்றை உறிஞ்சினேன். இதயம் மறுபடி துடித்தது.

'சென்சார் கோளாறு, நர்ஸ் தெரிவிக்கவில்லை' என்று பதிவில் எழுதினேன். அதனால் பின்னாளில் ஒடெட்டின் நர்ஸ் உரிமம் பறிபோனது. மூன்றாம் நாள் மேரன் இறந்தாள்.

அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசிவரைக்கும் அவ தலைமாட்டுலயே இருந்தீங்களாமே டாக்டர். அது போதும் எனக்கு."

அலாரத்தை நான் அணைத்த நேரம் கருவியின் நினைவில் இருப்பதை விசாரணை அதிகாரியான நீங்கள் காட்டினீர்கள். மறுக்கவில்லை. அணைத்தது நான். காத்திருந்தது நான். ஒடெட் சொன்னாள், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஒன்றை மட்டும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வலி துளியும் இல்லை. என் பொறுப்பு அதுதான். அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.