சிங்கனுக்குச் சத்தம் ஆகாது

சித்திரை வெயிலில் நாய்க்குத் தண்ணீர் வைப்பதென்றால் மண்சட்டியில்தான் வைக்க வேண்டும், ஐயா. தகரத்தில் வைத்தால் சூடேறிவிடும், வாய் வைக்காது. உங்கள் பொலிசுக் காவலாளியிடம் சொன்னேன். சிரித்தார்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் இளையதம்பி. பனிச்சங்கேணிக் களப்பில் வலை போடுகிறவன். தங்கை சீதேவிப்பிள்ளையின் வளவுக்குள் ஒரு குடிலில் நானும் என் நாய் சிங்கனும் இருக்கிறோம். அவள் புருசன் யோகராசாவை எனக்குப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன சித்திரையில் நான் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். சிங்கனும் கூட இருந்தது. யப்பான்காரன் குண்டு போட்ட காலையில் இரண்டு பேரும் ஒரு மதகுக்குள் புகுந்தோம். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்து பார்த்தால், எங்களோடு கஞ்சி குடித்தவர்கள் இருந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. அன்று முதல் சிங்கனுக்குச் சத்தம் ஆகாது. யாராவது படலையை அடித்துச் சாத்தினாலும் அதன் உடம்பு நடுங்கும். முதுகில் கை வைத்தால் எனக்குத் தெரியும்.

அதனால் இந்த வருசப்பிறப்புக்கு நேரத்தோடு ஆயத்தம் செய்தேன். குடிலின் ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினேன். விடியவே சிங்கனைக் களப்போரமாக நடத்திக் களைக்க வைத்தேன். காதில் பஞ்சு அடைத்தேன். வயிற்றைச் சுற்றிப் பழைய சாரன் துணியால் இறுக்கிக் கட்டினேன். யாரோ அணைத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தால் நாய் அடங்கும்.

யுத்த காலம், கடைகளில் வெடி இல்லை என்றுதான் நம்பியிருந்தேன். யோகராசா பழைய சீனவெடிக் கட்டொன்றைச் சாம்பல் பானைக்குள் ஈரம் படாமல் வைத்திருந்தான். மருத்துநீர் தேய்த்துத் தலை முழுகிவிட்டு அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"பொங்கல் பொங்கினதும் கொளுத்துவம், மச்சான்."

"வேணாம். சிங்கன் பயப்பிடும்."

"நாய்க்குப் பயந்து வருசம் கொண்டாடாம இரிக்கிறதா? ஊரே செத்தவீடு மாதிரிக் கிடக்கு."

என் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "சரி மச்சான். அக்கரைக்குப் போய் விடுவம். அங்க எண்டா இஞ்ச கேக்காது" என்றான். நல்ல மனிசன்.

அவனை அங்கே இறக்கிவிட்டுத் திரும்பலாம் என்று நானே தாங்குகோல் ஊன்ற, தோணியில் போனோம். தனியே விட மனம் வராமல் சிங்கனையும் ஏற்றினேன். நடுக்களப்பில் யோகராசாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது, வெடிமருந்து நமத்திருக்குமோ என்று. சுருட்டு நெருப்பில் ஒன்றைப் பற்றவைத்துத் தண்ணீருக்கு மேலே எறிந்தான்.

வெடித்தது.

சிங்கன் அசையவில்லை. கரையில் நின்ற கொக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. பயம் முற்றினால் உடம்பு அப்படி விறைத்துப்போகும், ஐயா. எனக்கு வாயெல்லாம் மண்ணாக இருந்தது. யோகராசா சந்தோசமாக அடுத்ததை எடுத்தான். நான் தாங்குகோலால் அவனைத் தள்ளினேன்.

அங்கே கழுத்தளவு தண்ணீர்தான், அடியில் சேறு. அவன் எழும்பினான். கோலைத் தோளில் வைத்து அமுக்கினேன். "மச்சான், விளையாடாத" என்றான். மறுபடி எழும்பியபோது "மச்சான்" என்று மட்டும் சொன்னான். அவன் அடங்கச் சுணங்கியது. அவ்வளவு நேரமும் நான் சிங்கனோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். ஒண்டும் இல்ல, ஒண்டும் இல்ல, இப்ப முடிஞ்சிரும் என்று.

வெடிக்கட்டை மட்டும் பறித்து எறிந்திருக்கலாமே என்கிறீர்கள். நியாயம்தான். அது எனக்குத் தோன்றவில்லை. சத்தம் அவனிடம் இருந்து வருவதாகத்தான் தோன்றியது.

இன்று காலை சீதேவிப்பிள்ளை இங்கே வந்தாள். அழவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டாள். சிங்கன் பயந்தது என்றேன்.

"அண்ண, அதுக்குக் காது கேக்காதே. நீங்க ரெண்டு பேரும் திருகோணமலையால வந்த கையோட அவர் கண்டுபிடிச்சிட்டார். நிலத்தில காலால தட்டித்தான் சோத்துக்குக் கூப்பிடுவார். நீ கவலைப்படுவ எண்டு உனக்குச் சொல்லல்ல."

பாவம், துக்கத்தில் ஏதோ பேசுகிறாள்.

ஓம், நான்தான் அமுக்கினேன். எங்கே ரேகை வைக்க வேண்டும் என்று காட்டுங்கள். மேற்கே வவுணதீவுப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது, ஐயா. இடி தொடங்குவதற்கு முன்னால் சிங்கனை இந்த அறைக்குள் விடச் சொல்லுங்கள். தனியே இருந்தால் தாங்க முடியாது.