கிணற்றடித் தெருவுக்குக் கோச்சி வருகிறது

பதுளையில் குடியிருக்க ஒரு நல்ல வீடு கிடைப்பது லேசான காரியம் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்களும் மாற்றலாகி வந்தவர்தான். தேடி அலைந்திருப்பீர்கள். அதனால் நான் சொல்லப்போவது உங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

என் பெயர் ஹுமைத். பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நானும் என் மனைவி ஸவாஹிராவும் கடைக்குப் பின்னால் இருந்த அறையில்தான் குடியிருந்தோம். ஒரு பக்கம் தார்ப் பீப்பாய், மறுபக்கம் கயிற்றுச் சுருள், நடுவில் நாங்கள். அவள் ஆக்கும் சோற்றில் மண்ணெண்ணெய் வாடை வரும். ஒரு தடவைகூட நான் அதைக் குறையாகச் சொன்னதில்லை. நான் பொறுமைசாலி என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு தேடினோம். ஹாலிஎலயில் ஒன்று பார்த்தோம். லட்சணமான வீடு. ஆனால் விற்ற பிறகும் முன்னறையில் தானே படுத்துக்கொள்வேன் என்றார் சொந்தக்காரர். ஆற்றோரம் இன்னொன்று. மழை பெய்தால் ஆறு முன்வாசலால் வந்து பின்வாசலால் போய்விடும், தேங்கி நிற்காது என்றார் தரகர். மூன்றாவது வீட்டில் கூரை நிறைய வௌவால். "அதுகள் பகல்ல சத்தமே போடாது முதலாளி" என்று அதே தரகர் ஆறுதல் சொன்னார்.

ஸவாஹிரா கேட்டது ஒரே ஒரு வீடு. கிணற்றடித் தெருவில் அவளுடைய மூத்த சகோதரி, உம்மு குல்தூம் ராத்தா, இருந்தார். கைம்பெண், தனியாள். அடுத்த வீடு வாஹித் ஹாஜியாருடையது. இரண்டுக்கும் நடுவில் பொதுவாக ஒரே சுவர்.

"அந்தச் செவத்துல ஒரு கதவு வச்சுத் தந்தா போதும். தெருவுல எறங்காம ராத்தாட ஊட்டுக்குப் போய் வந்துக்குவேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

நியாயமான ஆசை. ஊரிலேயே பழைய தெரு அது. முழங்கை அகலச் சுவர்கள், உள்முற்றம், நல்ல ஓட்டுக்கூரை. ஹாஜியாருக்கும் வீட்டை விற்றுவிட்டு பண்டாரவளையில் மகளோடு போய் இருக்க எண்ணம். ஆனால் அந்த நேரம் பார்த்து ரயில் பாதை பண்டாரவளையைத் தாண்டிப் பதுளைக்கு வருகிறது என்று சேதி வந்தது. மாட்டுக்கொட்டில் வைத்திருந்தவனெல்லாம் பங்களாக்காரனைப் போல நடக்க ஆரம்பித்தான்.

நான் விலை கேட்கப் போகும்போதெல்லாம் ஹாஜியார் தேத்தண்ணி தருவார். கோப்பை வருவதற்கு முன் ஒரு விலை சொல்வார். குடித்து முடிப்பதற்குள் அது ஏறியிருக்கும். ஒரு நாள் ஆற வைக்காமல் ஒரே மடக்காகக் குடித்துப் பார்த்தேன். நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

"கோச்சி வருது தம்பி" என்றார் அவர், ரயிலைச் சொல்லி. "கிட்டக் கிட்ட வரவர விலை ஏறத்தானே செய்யும்?"

அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது. யோசித்துப் பார்த்தேன். கோச்சி ஊருக்குக் கிட்ட வந்தால் வீட்டு விலை ஏறும். சரி. தெருவுக்குக் கிட்ட வந்தால் இன்னும் ஏறும். அதுவும் சரி. சமையற்கட்டுக்குள்ளேயே வந்துவிட்டால்?

ரயில் பாதைக்கு அளவெடுக்கிறவர்கள் முளைகளை என் கடையில்தான் வாங்குவார்கள். பாதை போகும் இடத்தைக் குறிக்க நிலத்தில் அடிக்கிற, தலையில் சிவப்புச் சாயம் பூசிய மரமுளைகள். ஓவர்சியர் சிவஞானம் வாரா வாரம் வந்து எடுத்துப்போவார். ஒன்றே ஒன்றை நான் தனியாக எடுத்து வைத்தேன். என் கடைச் சரக்கு. அதில் திருட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை ஆம்பிளைகள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், ஹாஜியாரின் கொல்லையில் வாழைக்கும் கிணற்றுக்கும் நடுவில் அந்த முளையை அடித்தேன். ஜும்ஆவைத் தவற விட்டது இன்றைக்கும் என் மனதை அறுக்கிறது. இந்த விஷயம் முழுவதிலும் நான் செய்த பாவம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

மறுநாள் ஹாஜியார் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். முளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஒத்த முளையை நம்பிக் கோச்சி வருமா தம்பி? அதுக்கு வழி தெரிய வேணாமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு ரயில் ஒரு வீட்டின் கொல்லைக்கு மட்டும் வந்துவிட்டுத் திரும்பிப் போகாது. அடுத்த வெள்ளிக்கிழமை கயிறு பிடித்து, வரிசையாக அடித்தேன். கோடு நேராகத்தான் போக வேண்டும். அது நான் வைத்த சட்டம் இல்லை, ரயில் பாதையின் வழக்கம். நேராகப் போனதில் அது உம்மு குல்தூம் ராத்தாவின் படுக்கையறைச் சுவரில் இடித்தது. அதற்கும் அப்பால், பிள்ளைகளுக்குச் சுன்னத்து செய்யும் ஒஸ்தா இப்றாஹீமின் வீட்டு முற்றம். அங்கே நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் அரைகுறையாக ஒரு வேலையைச் செய்வது என் குணம் இல்லை. தெருவின் கடைசி வீடு வரை அடித்தேன்.

தெரு கலங்கிப்போனது. ஒஸ்தா என் கடைக்கு வந்து ஆணிப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதார்.

"நான் வெட்டாத ஆம்பிள இந்தத் தெருவுல ஈக்கானா? இப்ப என்ட ஊட்டையே வெட்ட வாரானுகளே."

எல்லோரும் என்னிடம்தான் கேட்க வந்தார்கள், ரயில்வேக்காரர்களோடு புழங்குகிறவன் என்பதால். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "இது ரயில்வே முளையா?" என்று கேட்டார்கள். "அவர்கள் வாங்குகிற முளைதான்" என்றேன். "சர்க்கார் நட்டஈடு தருமா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

வாஹித் ஹாஜியாரிடம் மறுபடி போனேன். தேத்தண்ணி வருவதற்கு முன் ஒரு விலை சொன்னார். நான் குடிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேத்தண்ணி ஆற ஆற விலையும் ஆறியது. கோப்பையில் ஆடை படிந்தபோது வீட்டை வாங்கினேன். "ஒடையப் போற ஊட்டை வாங்குறியே, உனக்கு நல்ல மனசு தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு ஒஸ்தா வந்தார். அவரை மட்டும் கைவிடலாமா? அவர் வீட்டையும் வாங்கினேன். அடுத்தவர், அதற்கடுத்தவர். வேறு யாரும் வாங்க முன்வரவில்லை, ஐயா. அந்த ஜனங்களுக்கு என்னை விட்டால் நாதி இல்லை. கடைசியாக உம்மு குல்தூம் ராத்தா, மொனராகலையில் இருக்கும் மாமாவிடம் போகலாமா என்று யோசனை கேட்டார். அங்கே காய்ச்சல் அதிகம் என்று கேள்வி. ஆனாலும் இடம் விசாலம் என்றேன். அந்த வீட்டையும் நானே எடுத்துக்கொண்டேன். சொந்தக்காரர் என்பதற்காகப் பேரம் பேசாமல் விடவில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் முறை.

அன்றைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு ஸவாஹிரா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முளையில பூசின செவப்பு உங்கட நகத்துக்குள்ள எப்படி வந்த?"

"கடைச் சரக்குத்தானே புள்ள" என்றேன்.

"இது இண்டைக்கு நேத்துப் பட்ட சாயமில்ல. அந்த ரெண்டு வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் வந்தீங்க" என்றாள். "ராத்தா இல்லாத ஊட்டுல எனக்கு என்ன வேலை?"

ராத்தா மொனராகலைக்குப் புறப்பட்டார். ராத்தா ஏறிய மாட்டு வண்டியில் அவளும் ஏறிக்கொண்டாள். பெண்களுக்குப் பெரிய வரவுகள் உடனே விளங்குவதில்லை.

நான் தனியாக ஹாஜியாரின் வீட்டுக்குக் குடிபோனேன். கொத்தனைக் கூப்பிட்டு அந்தப் பொதுச் சுவரில் கதவும் வைத்தேன். சொன்ன சொல் சொல்தான். நல்ல பலாமரக் கதவு. மாலையானால் அதைத் திறந்துகொண்டு ராத்தாவின் வீட்டுக்குள் போவேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். பிறகு என் வீட்டுக்கு வருவேன். தெருவில் வேறு யாரும் இல்லாததால் நல்ல அமைதி.

மற்ற வீடுகளை நான் கோச்சி வந்த பிறகு விற்பதாக இருந்தேன். முளைகளைப் பிடுங்கிவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் அவசரமில்லை என்று இருந்துவிட்டேன். இதில் என் தவறு என்று ஒன்று இருந்தால் அந்தச் சோம்பல்தான்.

போன திங்கட்கிழமை காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது சமையற்கட்டுச் சுவர் உள்ளே வந்து விழுந்தது. வெளியே பாதை வெட்டும் குத்தகைக்காரனின் ஆட்கள், கடப்பாரையோடு. நிறுத்துங்கள் என்று கத்தினேன். அவர்களுடைய கங்காணி ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

"முளை இருக்குங்க முதலாளி. முளை இருந்தா வெட்டணும்னு உத்தரவுங்க. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நின்னு சவரம் பண்ணுங்க."

பாதிச் சவரத்தோடு ஓவர்சியர் சிவஞானத்திடம் ஓடினேன். அவர் பாதையின் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். உண்மையான பாதை ஊருக்கு வெளியே எங்கேயோ போகிறது. "அந்தத் தெருவுல நாங்க முளையே அடிக்கலையே முதலாளி" என்றார். "யாரு அடிச்சதுன்னு போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க. உடனே நிறுத்திடுறேன்."

அதற்காகத்தான் வந்திருக்கிறேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். அடித்தது நான்தான். முதல் முளையிலிருந்து கடைசி முளை வரை, என் கையால், என் சுத்தியலால் அடித்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கொஞ்சம் சீக்கிரமாக எழுதினால் நல்லது. நான் புறப்படும்போது அவர்கள் முற்றத்தைத் தாண்டிவிட்டார்கள்.

ஆனால் அந்தக் குத்தகைக்காரனை நீங்கள் சும்மா விடக்கூடாது. யாரோ ஒருவன் மண்ணில் ஒரு கட்டையை அடித்துவிட்டுப் போனான் என்பதற்காக, என்ன ஏது என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், குடியிருக்கிற மனிதனை வீட்டைவிட்டுக் கிளப்புவதா? நெஞ்சில் கொஞ்சமாவது ஈரம் உள்ளவன் செய்கிற காரியமா, ஐயா, அது?