கழற்றிய தாழ்ப்பாள்

தையலக்கா: மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க மேடம். சும்மா நில்லுங்க, சட்டையை நான் பிடிச்சுத் தரேன்.

மேடம்: இல்லக்கா... குண்டூசி குத்திடுமோன்னு...

தையலக்கா: போலீஸ்காரங்களுக்குக் குண்டூசிக்குப் பயமா? வெளியில சொல்லிடாதீங்க, மைதானத்துப் பிள்ளைங்க சிரிக்கும். கையைத் தூக்குங்க... அடேயப்பா! ரெண்டு பக்கமும் ஒரு பிடி துணி நிக்குதே. இது நான் தைச்ச சட்டைதானா?

மேடம்: நீங்க தைச்சதுதான்.

தையலக்கா: அப்ப சட்டை வளரல. நீங்கதான் தேஞ்சுட்டீங்க. சாப்பிடறீங்களா இல்லையா?

மேடம்: சாப்பிடறேனே... டியூட்டி நேரம் கொஞ்சம் முன்ன பின்ன...

தையலக்கா: இந்தக் கதையெல்லாம் வேற யார்கிட்டயாவது சொல்லுங்க. பேன்ட் சரியா நிக்குதா?

மேடம்: நிக்குது. மூணு மாசமா எடுக்காம பெட்டியில கிடந்தது. உருப்படியா இருக்கறது இது ஒண்ணுதான்.

தையலக்கா: பின்பக்கம் பெல்ட் லூப்பு பிஞ்சிருந்துச்சு. புதுசா வச்சுத் தைச்சேன்.

மேடம்: அப்படியா... கவனிக்கலையே.

தையலக்கா: எதுல மாட்டுச்சு?

மேடம்: தெரியலக்கா. ஏதாவது கம்பியில...

தையலக்கா: ம். கம்பியா இருக்கும். திரும்புங்க... விருது விழாவுக்கு ஹால் நிரம்பி வழியுது. வாசல்ல உங்க படம் ஆளுயரத்துக்கு. ‘உயிர் காத்த காவலர்’னு எழுதி, சுத்தி விளக்கு வேற.

மேடம்: பார்த்தேன்.

தையலக்கா: பார்த்துட்டு, பின்வாசல் வழியா உள்ள வந்துட்டீங்களாமே?

மேடம்: யாரு சொன்னது?

தையலக்கா: கேட்ல என் பையைச் சோதனை போட்ட தம்பி. கத்தரிக்கோலை விட்டுட்டார். ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துட்டு, ‘இது எதுக்கும்மா, இது எதுக்கும்மா’ன்னு ஒரே விசாரணை.

மேடம்: தையல் மெஷினுக்கா?

தையலக்கா: மெஷினைத் தலையில வச்சா தூக்கிட்டு வந்தேன்? ஆடாம நில்லுங்க... என் பொண்ணைப் பார்த்தீங்களா? ரெண்டாவது வரிசையில இருக்கா. வாலிபால் பனியனோட.

மேடம்: இல்ல... இன்னும் அந்தப் பக்கம் போகல.

தையலக்கா: போகல. முன்னெல்லாம் அவ மைதானத்துல கால் வச்சாலே ‘ஸ்பிரிங்கு வந்துட்டாடா’ன்னு கத்துவீங்க. எங்க வீட்டுக்கே கேக்கும். இப்ப மூணு மாசமா, அவ இந்தப் பக்கம் வந்தா நீங்க அந்தப் பக்கம்.

மேடம்: அப்படியெல்லாம் இல்லக்கா.

தையலக்கா: சரி, இல்ல. ஞாபகம் இருக்கா, நீங்க முதல்முதலா எங்க தெருவுக்கு வந்தது? ‘போலீஸ் மைதானத்துல சாயங்காலம் விளையாட்டு, பயப்படாம பிள்ளைங்களை அனுப்புங்க’ன்னு வீடு வீடாத் தட்டினீங்க. நான் கதவையே திறக்கல. ஜன்னல் வழியாப் பேசி அனுப்பிட்டேன்.

மேடம்: நிறைய வீட்டுல அப்படித்தான்.

தையலக்கா: பின்ன? யூனிஃபார்ம் போட்டவங்க வீடு தேடி வந்தா நல்லதுக்கா வருவாங்கன்னு... என்ன, முகம் இப்படிப் போகுது? விளையாட்டுக்குச் சொன்னேன்.

மேடம்: ஒண்ணும் இல்லக்கா. நீங்க தைங்க.

இன்ஸ்பெக்டர்: மேடம்! உள்ள இருக்கீங்களா? கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுடுவோம்.

மேடம்: சட்டையை அளவு குறைக்கறாங்க சார். கதவைத் திறக்க முடியாது.

இன்ஸ்பெக்டர்: பரவாயில்ல, இங்கிருந்தே சொல்றேன். உங்க பேரைச் சொன்னதும் அந்தப் பொண்ணை மேடைக்குக் கூப்பிடறோம். அவ கையாலயே பூங்கொத்து. ‘தண்ணித் தொட்டி மேல ஏறி உயிரை விடப் போன பொண்ணு, இதோ உங்க முன்னாடி’ன்னு நான் ரெண்டு வார்த்தை பேசிடறேன். பெரிய அதிகாரி நெகிழ்ந்துடுவார்.

மேடம்: சார்... அவளைக் கூப்பிட வேணாமே.

இன்ஸ்பெக்டர்: அட, நல்லதுக்குத்தானே. நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் நம்ம மைதானத்து மேல ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். அவங்கம்மாகிட்ட மட்டும் யாரையாவது விட்டு ஒரு வார்த்தை கேக்கச் சொல்லணும்.

தையலக்கா: அவங்கம்மா இங்கதான் சார் இருக்கேன். சட்டை தைச்சுக்கிட்டு.

இன்ஸ்பெக்டர்: ...ஓ. நீங்களாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க...

தையலக்கா: எடுத்துக்கல சார். நீங்க போங்க. கை இன்னும் பாக்கி இருக்கு.

மேடம்: அக்கா...

தையலக்கா: உயிரை விடப் போன பொண்ணு. எவ்வளவு சுளுவா வாயில வருது பாருங்க.

மேடம்: அவரு வேணும்னு சொல்லலக்கா.

தையலக்கா: யாருமே வேணும்னு சொல்லல. கடையில சொல்றாங்க, பஸ்ல சொல்றாங்க, அவ கூடப் படிச்சவங்க சொல்றாங்க. எல்லாருக்கும் அவ மேல பாசம்தான். அன்னைக்கு நீங்க அவளைத் தோள்ல சாய்ச்சு இறக்கிக் கூட்டிட்டு வந்தீங்க இல்ல? மறுநாள் காலையில இந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வீட்டுல இருந்த தாழ்ப்பாள் எல்லாத்தையும் கழட்டினேன். ரூம் தாழ்ப்பாள், பாத்ரூம் தாழ்ப்பாள்... ஒண்ணு விடல.

மேடம்: பாத்ரூமுக்குமா?

தையலக்கா: அவ குளிக்கறப்ப வெளியில உக்காந்துக்குவேன். ‘பாடுடீ, சத்தம் வந்துக்கிட்டே இருக்கணும்’பேன். அவளும் பாடுவா. வளர்ந்த பொண்ணு... ஒரு நாள் எரிச்சல்பட்டு ‘போம்மா’ன்னு சொல்லல. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. போலீஸ் வேலைக்கு அவ எழுதிப் போட்டது தெரியும்ல?

மேடம்: நான்தானே எழுதச் சொன்னேன். என்ன ஆச்சு? ஓட்டத்துல முதல்ல வந்தான்னு கேள்விப்பட்டேனே.

தையலக்கா: ஓட்டத்துல முதல்தான். தாண்டறதுல முதல்தான். கடைசியில உக்கார வச்சு, ‘அந்தத் தொட்டிச் சமாச்சாரம் நீதானே’ன்னு கேட்டாங்களாம்.

மேடம்: அவ என்ன சொன்னா?

தையலக்கா: ஆமான்னா.

மேடம்: ...ஆமான்னா சொன்னா?

தையலக்கா: ஆமான்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டா. அவ்வளவுதான், தள்ளிட்டாங்க. வீட்டுக்கு வந்து ஷூவைத் துடைச்சு அட்டைப்பெட்டியில போட்டு மூடி வச்சா. அழக்கூட இல்ல... என்னம்மா, உக்காந்துட்டீங்க? முதுகுப்பக்கம் ஊசி இருக்கு, சாயாதீங்க.

மேடம்: எனக்கு யாரும் சொல்லல.

தையலக்கா: அவ யார்கிட்டயும் சொல்லல. எனக்கே போன வாரம்தான் தெரியும்... மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மேல இருந்தது நீங்க ரெண்டு பேரும்தான். என் பொண்ணு ஏன் ஏறினா?

மேடம்: அக்கா, இப்ப எதுக்கு...

தையலக்கா: இப்பத்தான். வெளியில மைக்கை வச்சு ஊரைக் கூட்டிச் சொல்லப் போறாங்க, அதுக்கு முன்னாடி பெத்தவளுக்குத் தெரியணும். நான் அவளைத் திட்டின திட்டு ஒவ்வொண்ணையும் ராத்திரி எல்லாம் படுத்து யோசிச்சிருக்கேன். இதுக்கா இருக்குமோ, அதுக்கா இருக்குமோன்னு. அவ அப்பா போட்டோ முன்னாடி நின்னு மன்னிப்புக்கூடக் கேட்டேன். எதுக்குன்னு தெரியாமலே கேட்டேன்.

மேடம்: நீங்க ஒண்ணும் செய்யலக்கா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல.

தையலக்கா: அப்ப ஏன் ஏறினா? சொல்லுங்க.

மேடம்: நான் நல்லாப் பேசுவேன்னு எல்லாரும் சொல்லுவாங்க இல்ல?

தையலக்கா: ஆமா. அதுக்கென்ன?

மேடம்: ஆக்சிடென்ட்டு, தண்ணியில போனது, எதுவா இருந்தாலும் வீட்டுக்குப் போய்ச் சேதி சொல்ல என்னைத்தான் அனுப்புவாங்க. ‘தெருவுல எல்லாரையும் உங்களுக்குத்தான் தெரியும், நீங்க சொன்னாத் தாங்கிக்குவாங்க’ன்னு. பிள்ளைங்களைச் சேர்க்கறதுக்குத் தட்டின அதே கதவுங்கதான்க்கா. திரும்பவும் நானே போய்த் தட்டுவேன்.

தையலக்கா: ஐயோ... எங்க தெருவுக்கும் வந்திருக்கீங்க. அந்தப் பெயின்டர் வீட்டுக்கு.

மேடம்: அன்னைக்கு மத்தியானம் ஒரு வீடு. கதவைத் திறந்தது நம்ம டீம்லயே சின்னவன். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லு. ‘மேடம், இன்னைக்குப் பிராக்டீஸ் சீக்கிரமாவா?’ன்னு கேட்டுட்டு, பந்தை எடுக்க உள்ள ஓடினான்.

தையலக்கா: ...யாருக்கு?

மேடம்: அவங்கப்பா. லாரி மோதி. அவன் பந்தோட திரும்பி வர்றதுக்குள்ள நான் அவங்கம்மாகிட்ட சொல்லி முடிச்சிருந்தேன். அவன் பந்தைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு நின்னான். நான் வந்ததாலதான் அவங்கப்பா செத்துப் போன மாதிரி.

தையலக்கா: கடவுளே.

மேடம்: நேரா மைதானத்துக்கு வந்தேன். ஒருத்தரும் வந்திருக்கல. தொட்டிக்குப் போற ஏணிக் கதவு சாவி என்கிட்டதான் இருக்கும்... அக்கா, உங்க பொண்ணு சாகறதுக்கு ஏறல. நான்தான் ஏறினேன். அவ என்னைத் தேடிக்கிட்டுப் பின்னாடியே ஏறி வந்தா. ஏதாவது பேசுங்கக்கா. திட்டுங்க.

தையலக்கா: என்ன சொல்லி இறக்கினா?

மேடம்: ஒண்ணுமே கேக்கல. ‘வாலிபால் நெட்டு கட்டணும் மேடம், கயிறை எங்க வச்சீங்க, கீழ வந்து எடுத்துக் குடுங்க’ன்னா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னா. அப்புறம் எப்படி இறங்கினேன்னு எனக்குத் தெரியாது. கீழ வந்தா கூட்டம். நான் யூனிஃபார்ம்ல இருக்கேன். அவ அழுதுக்கிட்டு இருக்கா. யாரு யாரை இறக்கினதுன்னு ஒருத்தர் கேக்கணுமே! இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்து, ‘ஏம்மா ஏறின?’ன்னார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, ‘மனசு சரியில்ல சார்’னுட்டா.

தையலக்கா: மறுநாள் நீ சொல்லியிருக்கலாம்ல?

மேடம்: சொல்லியிருக்கலாம். தினமும் சொல்லியிருக்கலாம். வேலை போயிடும்னு பயம்... பயம்கூட இல்லக்கா. வெட்கம். ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் தைரியம் சொன்னவ நான்.

தையலக்கா: எனக்குக் கோவம் வருது. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். என் பொண்ணு ஷூவைப் பெட்டியில போட்டு மூடினா பாரு, அதை நினைச்சா வயிறு எரியுது.

மேடம்: எரியணும்க்கா.

தையலக்கா: தரையைப் பார்க்காத. என்னைப் பாரு. கையை நீட்டு, இந்த ஒரு பட்டன்தான் பாக்கி.

மேடம்: இப்ப இந்தச் சட்டை எதுக்குக்கா?

தையலக்கா: எதைச் சொல்றதா இருந்தாலும் சட்டை சரியா நிக்கணும். பல்லால நூலை அறுத்துக்கறேன், கத்தரி எங்கயோ... ஆச்சு.

இன்ஸ்பெக்டர்: மேடம், நேரமாச்சு! எல்லாரும் வந்து உக்காந்தாச்சு.

மேடம்: தாழ்ப்பாளை எடுத்துட்டேன் சார். வாங்க.

இன்ஸ்பெக்டர்: அடடா, இப்பத்தான் பளிச்சுனு இருக்கீங்க. வாங்க, போகலாம்.

மேடம்: சார், அந்தப் பொண்ணை மேடைக்குக் கூப்பிடுங்க.

இன்ஸ்பெக்டர்: அதைத்தானே நானும் சொன்னேன்.

மேடம்: கூப்பிட்டு, விருதை அவ கையில குடுங்க.

இன்ஸ்பெக்டர்: புரியலையே.

மேடம்: தொட்டி மேல சாகப் போனது நான் சார். இறக்கிக் கூட்டிட்டு வந்தது அவ.

இன்ஸ்பெக்டர்: ...கதவைச் சாத்துங்க. என்ன மேடம் இது? இன்னைக்குப் போய்... பெரிய அதிகாரி முன்வரிசையில உக்காந்திருக்கார்!

மேடம்: அவர்கிட்டயும் சொல்றேன். அவளோட வேலை விஷயத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லணும். அதுக்கு எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்.

இன்ஸ்பெக்டர்: உங்க வேலை என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?

மேடம்: அதை மட்டும்தான் சார் இவ்வளவு நாளா யோசிச்சேன்.

இன்ஸ்பெக்டர்: ...இருங்க. நீங்க நேரா மேடையில போய் நிக்க வேணாம். முதல்ல நான் அவர்கிட்டப் பேசறேன். அதுவரைக்கும் யாரும் எதையும் அறிவிக்க வேணாம்னு சொல்லிடறேன். ஏம்மா... எல்லா வீட்டுக்கும் உங்களையே அனுப்பினது நான்தானே. ஒரு வார்த்தை, ‘முடியல சார்’னு சொல்லியிருக்கக் கூடாதா?

மேடம்: வாய் வரல சார்.

இன்ஸ்பெக்டர்: உக்காருங்க. தண்ணி குடிங்க. நான் வந்துடறேன். அம்மா, நீங்க இவங்க கூடவே இருங்க.

மேடம்: போயிட்டார்... அக்கா, நீங்க இங்க இருக்க வேணாம். அவ பக்கத்துல போய் உக்காருங்க. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அந்தத் தாழ்ப்பாளை எல்லாம் மாட்டிடுங்க. அவ நிம்மதியாக் குளிக்கட்டும்.

தையலக்கா: எங்க வீட்டுத் தாழ்ப்பாளை எல்லாம் காலையிலயே மாட்டிட்டேன். அந்த லூப்பு கம்பியில மாட்டிப் பிய்யல கண்ணு, பின்னாடி இருந்து ஒருத்தி உசுரைக் குடுத்து இழுத்துப் பிடிச்சிருக்கா... நேத்துத் துணியைக் கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நீயா வாயைத் திறக்கட்டும்னுதான் பொறுத்திருந்தேன். இந்த ஸ்க்ரூ டிரைவர் உன் வீட்டுத் தாழ்ப்பாளுக்காகக் கொண்டுவந்தது. சாவியைக் குடு.