மூன்றாம் குழிக்கு இரண்டு சாட்சிகள்

ஃபிர்தௌஸ்: ...சீனி குறைச்சாலும் திட்டுற, கூட்டினாலும் திட்டுற. நீ மாறவே இல்ல, வாசுகி.

வாசுகி: நான் டீ குடிக்க வரல.

ஃபிர்தௌஸ்: அது தெரியும். ஜோகூர் பாருலேருந்து பொந்தியானுக்குக் காடி ஓட்டிக்கிட்டு வந்து எங்க அத்தா கடை டீயக் குடிக்கணும்னு உனக்கென்ன தலையெழுத்தா? முட்டை ரொட்டி போடவா?

வாசுகி: உக்காரு.

ஃபிர்தௌஸ்: ஆளு வர்ற நேரம் லா...

வாசுகி: மூணு மணிக்கு எவன் வர்றான்? ஒரே ஒரு அங்கள் அந்த மேசையில தூங்கிக்கிட்டு இருக்காரு. உக்காருடா.

ஃபிர்தௌஸ்: சரி சரி, உக்காந்தாச்சு. மேல்படிப்பு எப்படிப் போகுது?

வாசுகி: போகுது. நீ எப்ப வந்து மிச்சத்த முடிக்கப் போற? ஒரே ஒரு செமஸ்டர்டா.

ஃபிர்தௌஸ்: அத்தாவுக்கு முட்டி வலி. ரொட்டிக் கல்லுகிட்ட நிக்க ஆள் இல்ல.

வாசுகி: போன தடவ கேட்டப்ப முதுகு வலின்ன.

ஃபிர்தௌஸ்: அது எறங்கிருச்சு. முதுகுலேருந்து முட்டிக்கு.

வாசுகி: சிரிக்க வைக்காத. சிரிக்கிற மாதிரி நான் வரல.

ஃபிர்தௌஸ்: சிரிச்சா என்னவாம்? மூணு வருசம் ஒண்ணா படிச்சோம். தொல்லியல் கிளாஸ்ல நான் தூங்குவேன், வரலாறு கிளாஸ்ல நீ தூங்குவ...

வாசுகி: ரெண்டுக்கும் நோட்ஸ் எடுத்து வைக்கிறது கவின்.

ஃபிர்தௌஸ்: ...

வாசுகி: பாத்தியா? அவன் பேரச் சொன்னா வாய மூடிக்கிற.

ஃபிர்தௌஸ்: டீ ஆறுது.

வாசுகி: போன மாசம் அவனுக்கு வருசத் திதி. மூவாருக்குப் போயிருந்தேன்.

ஃபிர்தௌஸ்: கேள்விப்பட்டேன்.

வாசுகி: கேள்விப்பட்டியா! பிரேமலா ஆன்டி உனக்கு மூணு தடவ போன் பண்ணாங்களாம். கவினோட அம்மாடா. நாம மூவார் போறப்பெல்லாம் உனக்காக ஹலால் கடை தேடிப் போய்க் கோழி வாங்குனவங்க.

ஃபிர்தௌஸ்: தெரியும். எடுக்க முடியல.

வாசுகி: டிபார்ட்மென்ட்ல அந்த ஜாடிய இப்ப கண்ணாடி அலமாரில வச்சிருக்காங்க, தெரியுமா?

ஃபிர்தௌஸ்: எந்த ஜாடி?

வாசுகி: எந்த ஜாடியா? எத எடுக்கக் கவின் குழிக்குள்ள எறங்கினானோ அந்த ஜாடி. ஆளுயரக் குழி, ஒரு பக்கம் முழுசா அவன் மேல சரிஞ்சுச்சு. ஜாடிக்கு ஒரு கீறல் இல்ல. 'மூன்றாம் குழி, மாணவர் அகழாய்வு'ன்னு சீட்டு ஒட்டியிருக்கு. தினமும் அதத் தாண்டித்தான் நான் லைப்ரரிக்குப் போறேன்.

ஃபிர்தௌஸ்: வேற வழியா போ.

வாசுகி: வேற வழி கிடையாது.

ஃபிர்தௌஸ்: கீறல் ஏன் இல்லன்னு எனக்குத் தெரியும். வயித்தோட அணைச்சுக்கிட்டு இருந்தான். அவன் கையப் பிரிச்சு அத எடுத்தவன் நான். எனக்கு நீ சொல்ல வேணாம்.

வாசுகி: ...சரி. சொல்லல.

ஃபிர்தௌஸ்: ம்.

வாசுகி: ஆஸ்பத்திரில நாம கையெழுத்துப் போட்ட கடுதாசி ஞாபகம் இருக்கா?

ஃபிர்தௌஸ்: வாசுகி, இப்ப எதுக்கு...

வாசுகி: யூனிவர்சிட்டி ஆபீஸ்லேருந்து டைப் அடிச்சே கொண்டு வந்தாங்க. 'மாணவர் கவின், அனுமதி இல்லாமல், தன் விருப்பப்படி குழிக்குள் இறங்கினார்.' என் நகத்துல அப்ப மண்ணு கூடப் போகல. அந்தக் கையாலதான் போட்டேன்.

ஃபிர்தௌஸ்: எல்லாரும்தான் போடச் சொன்னாங்க.

வாசுகி: முதல் வருசம் அய்யாவு சார் என்ன சொல்லிக் குடுத்தாரு? ரெண்டு சாட்சி ஒரே வார்த்தையில பேசுனா நம்பாத. ஒண்ணப் பாத்து இன்னொண்ணு எழுதுனதா இருக்கும், இல்ல ரெண்டையும் மூணாவது ஆளு எழுதுனதா இருக்கும்னு. நம்ம ரெண்டு கடுதாசியும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு.

ஃபிர்தௌஸ்: ஒரு வருசம் ஆச்சு. விடு.

வாசுகி: எப்படி விடுறது? திதி அன்னிக்கு எல்லாரும் இலையில உக்காந்திருக்காங்க. கவினோட பெரியப்பா சொல்றாரு, 'சொன்ன பேச்சு கேட்டிருந்தா இந்நேரம் இருந்திருப்பான்'னு. ஆன்டி சாம்பார் வாளியோட அப்படியே நின்னுட்டாங்க. சாம்பார் ஊத்தணுமா, வேணாமான்னு கூட அவங்களுக்குத் தெரியல.

ஃபிர்தௌஸ்: யா அல்லா...

வாசுகி: சொன்ன பேச்சு கேக்காதவனாடா அவன்? அன்னிக்குக் குழி ஓரத்துல நின்னுக்கிட்டு என்ன சொன்னான்?

ஃபிர்தௌஸ்: வேணாம்.

வாசுகி: 'அய்யாவு சார் பலகை வாங்க டவுனுக்குப் போயிருக்காரு. குழி சரியாம பலகை முட்டுக் குடுக்காம ஒருத்தரும் எறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரக் கேக்காம நான் எறங்க மாட்டேன்'னான். மழை வேற ஆரம்பிச்சுருச்சு. ஆத்துத் தண்ணி ஏறுது, ஜாடி போயிரும் போயிரும்னு நாம கத்துனோம்.

ஃபிர்தௌஸ்: கத்துனது நான். நீ இல்ல.

வாசுகி: யாரா இருந்தா என்ன? நீ போன எடுத்துக்கிட்டு செம்பனைத் தோட்டத்து மேட்டுக்கு ஓடுன. அங்கதானே லைன் கிடைக்கும். திரும்பி வந்து, 'சார் எறங்கச் சொல்லிட்டாரு'ன்ன. அதுக்கப்புறந்தான் கவின் கால்ல இருந்த சப்பாத்தக் கழட்டுனான். அதுவரைக்கும் நின்ன எடத்த விட்டு நகரல.

ஃபிர்தௌஸ்: கிளாஸக் குடு, வேற டீ போட்டுத் தர்றேன்.

வாசுகி: அத எழுதிக் குடுத்துட்டேன்.

ஃபிர்தௌஸ்: எத?

வாசுகி: பழைய கடுதாசி பொய்யின்னு. சார் போன்ல அனுமதி குடுத்தாருன்னு. போலிஸ்ல ரிப்போர்ட் பண்ணியாச்சு, யூனிவர்சிட்டிக்கும் அனுப்பியாச்சு. மூணு வாரம் ஆகுது.

ஃபிர்தௌஸ்: மூணு வாரமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?

வாசுகி: நீ போன எடுத்தாத்தானே கேக்க! சார வேலையிலேருந்து நிறுத்தி வச்சிருக்காங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விசாரணை. நீ வரணும்.

ஃபிர்தௌஸ்: நானா?

வாசுகி: பின்ன? அவர்கிட்ட பேசுனது நீதானே? உன் போன்ல அந்தக் கால் இருக்கும்ல?

ஃபிர்தௌஸ்: போன மாத்திட்டேன்.

வாசுகி: பரவால்ல. நீ வந்து வாயால சொன்னா போதும்.

ஃபிர்தௌஸ்: நீ அவரு குரலக் கேட்டியா?

வாசுகி: என்ன?

ஃபிர்தௌஸ்: தானே பாத்தவன் எழுதுனது வேற, அடுத்தவன் சொல்லக் கேட்டு எழுதுனது வேறன்னு அதே சார்தான் சொல்லிக் குடுத்தாரு. நீ எத வச்சு எழுதுன?

வாசுகி: நீ சொன்னத வச்சு. நீ என்ன, பொய்யா சொல்லுவ?

ஃபிர்தௌஸ்: ...அங்கள், தே ஓ, பாலில்லாத டீ, இன்னொண்ணா? இதோ வர்றேன்...

வாசுகி: அவரு தூங்குறாருடா. உக்காரு.

ஃபிர்தௌஸ்: அந்த மனுசனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, வாசுகி.

வாசுகி: கவினுக்கு அம்மா இல்லையா?

ஃபிர்தௌஸ்: நான் அப்படிச் சொல்ல வரல...

வாசுகி: பயமா இருக்கா? எனக்கும்தான் பயம். என் ஆய்வுக்கு அவருதான் கைடு. இனிமே என் படிப்பு என்னாகும்னு எனக்கே தெரியல. இருந்தும் குடுத்தேன்.

ஃபிர்தௌஸ்: என்னால வர முடியாது. கடைய ஜாகா பண்ண, பாத்துக்க ஆள் இல்ல.

வாசுகி: அப்ப அத நீயே அவங்ககிட்ட சொல்லிரு.

ஃபிர்தௌஸ்: யார்கிட்ட?

வாசுகி: காடியில உக்காந்திருக்காங்க.

ஃபிர்தௌஸ்: யாரு... வாசுகி, யாரு காடியில?

வாசுகி: ஆன்டி. காலையில மூவார்லேருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துட்டாங்க. நான் முதல்ல பேசிப் பாக்குறேன், நீங்க இருங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அதோ... எறங்கிட்டாங்க.

ஃபிர்தௌஸ்: ஏன்டி இப்படிப் பண்ணுன? ஏன்டி...

பிரேமலா: நல்லா இருக்கியா ஃபிர்தௌஸு?

ஃபிர்தௌஸ்: ஆன்டி... வாங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. வெயில்ல காடியிலேயே...

பிரேமலா: எளைச்சுட்டியேப்பா. ரொட்டிக் கடையில இருந்துக்கிட்டு யாராச்சும் எளைப்பாங்களா?

ஃபிர்தௌஸ்: இல்ல ஆன்டி... பசியாறுனீங்களா?

பிரேமலா: அதெல்லாம் ஆச்சு. திதிக்கு வருவேன்னு பாத்தேன். சரி, வேலை இருந்திருக்கும்.

ஃபிர்தௌஸ்: மன்னிச்சிருங்க ஆன்டி.

பிரேமலா: நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற? மண்ணத் தோண்டித் தோண்டி விரல்ல நகம் பேந்துருச்சாமே உனக்கு. வாசுகி சொன்னா. எம்புள்ளைய வெளிய எடுத்த கை... எங்க, காட்டு.

ஃபிர்தௌஸ்: வேணாம் ஆன்டி, மாவு கை.

பிரேமலா: இருக்கட்டும், குடு... மொளைச்சிருச்சே. நல்லாத்தான் மொளைச்சிருக்கு.

ஃபிர்தௌஸ்: விடுங்க ஆன்டி.

பிரேமலா: நான் மேசை நாற்காலி பேக்டரியில மரம் தேய்க்கிறவ. யூனிவர்சிட்டி விசயம் எனக்கு என்ன தெரியும்? அக்கம்பக்கத்துல எல்லாரும் கேட்டாங்க, செத்துப் போனவங்களப் பத்திப் படிச்சு இவனுக்கு என்ன வேலை கிடைக்கும், சிங்கப்பூர் அனுப்பிவிடுன்னு. நான்தான் 'உனக்குப் புடிச்சதப் படிடா'ன்னேன். அனுப்புனது நான்.

வாசுகி: ஆன்டி, அப்படியெல்லாம் நெனைக்காதீங்க.

பிரேமலா: நெனைக்காம? சரி, அத விடு. போன செவ்வாக்கெழமை அந்த சாரு வீட்டுக்கு வந்தாரு.

வாசுகி: அய்யாவு சாரா? எனக்குச் சொல்லவே இல்லையே!

பிரேமலா: சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. உள்ள வரல. வாசல் கேட்டுகிட்டயே நின்னு அழுவுறாரு. 'எறங்கக் கூடாதுன்னுதாம்மா சொல்லிட்டுப் போனேன். நான் போன்ல பேசவே இல்லம்மா'ன்னு.

ஃபிர்தௌஸ்: நீங்க... என்ன சொன்னீங்க?

பிரேமலா: சொல்ல என்ன இருக்கு? வெளக்கமாத்த எடுத்துட்டேன். 'எம்புள்ளைய முழுங்கிட்டு சத்தியம் பண்ண வந்தியா'ன்னு, அந்தம்மா முன்னாடியே கேட்டேன். அந்தம்மா என் கால்ல விழ வந்துச்சு. கதவச் சாத்திட்டேன்.

வாசுகி: நல்லா பண்ணீங்க.

பிரேமலா: நல்லாவா? அன்னிலேருந்து எனக்குச் சோறு எறங்கல வாசுகி. பொய் சொல்றவன் அப்படி அழுவானா? அழுவான்தான், ஏன் அழ மாட்டான்? ஆனா... நீ உன் காதால கேட்டிருக்க. அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிறேன்.

ஃபிர்தௌஸ்: வாசுகி கேட்டாளா?

பிரேமலா: நீதான் ஸ்பீக்கர்ல போட்டியாமே. பக்கத்துல நின்னு கேட்டாளாம். போலிஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கா.

ஃபிர்தௌஸ்: ஸ்பீக்கர்ல...

வாசுகி: ஃபிர்தௌஸ், கொஞ்சம் இரு.

ஃபிர்தௌஸ்: நீ குழிகிட்ட கன்வாஸப் புடிச்சுக்கிட்டு நின்ன, வாசுகி. செம்பனை மேட்டுக்கு நீ வரவே இல்ல.

வாசுகி: வரலதான்! ஆனா 'இவன் சொன்னான், இவ கேட்டா'ன்னு எழுதுனா யாருடா எடுத்துப் பாப்பா? தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க. நடந்தது நடந்ததுதானே? நான் கொஞ்சம்... கொஞ்சம் பக்கத்துல நின்னதா எழுதுனேன். அவ்ளோதான்.

பிரேமலா: அப்ப நீ கேக்கலியா?

வாசுகி: கேக்கல ஆன்டி. ஆனா இவன் கேட்டான். பேசுனதே இவன்தான். அதனாலதானே உங்கள இங்க கூட்டிக்கிட்டு வந்தேன்...

பிரேமலா: ...சரி. சரிம்மா. அழாத. எம்புள்ளைக்காகத்தானே பண்ணுன.

ஃபிர்தௌஸ்: ஆன்டி, தண்ணி கொண்டாரவா...

பிரேமலா: தண்ணி வேணாம். இங்க பாரு. குனியாத. நாளைக்கு அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா நின்னு நான் பேசணும். ஊருக்கும் பேசணும், எங்க பெரியவருக்கும் பேசணும். அதுக்கு எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேணும். போன்ல அந்த சாரு உன்கிட்ட என்ன சொன்னாரு?

ஃபிர்தௌஸ்: ஆன்டி...

பிரேமலா: ஞாபகம் இருக்குற மாதிரி சொல்லு, போதும். 'எறங்கு'ன்னாரா, 'எறங்குறதுன்னா எறங்கட்டும்'னாரா?

வாசுகி: சொல்லுடா. பயப்படாத.

ஃபிர்தௌஸ்: நாலு தடவ அடிச்சேன், ஆன்டி. அவரு எடுக்கவே இல்ல. 'சார் சரின்னுட்டாரு, எறங்கு'ன்னு கவின்கிட்ட சொன்னது... நான்.