ஞாயிறு ஐந்து மணிப் பந்தயம்

— இன்னொரு தடவை சொல்லிடு டீச்சரம்மா. அப்புறம் மாத்தக் கூடாது.

— வீட்டில் என்னை அம்மா என்றே அழைக்கலாம், டயானா. உன் அணி இன்று வென்றால், நீ பெங்களூரு சென்று அணித் தோழிகளோடு தங்கி வீடியோ கேம் விளையாடலாம். தோற்றால், மேசை மேலிருக்கும் பி.எட். விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும்.

— நேத்து சொன்னதுல ஒரு கமா கூட மாறல.

— இருபத்தாறு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் நான். தொலைக்காட்சியை இயக்கு.

— டிவி போடுன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா? இரு, இந்தச் சேனலை சின்னதுரை அண்ணன் காலையிலதான் விட்டாரு. புள்ளி புள்ளியா வருது.

— கேபிள்காரர் நீ கேட்டதற்காகவா விட்டார்?

— நான் கேட்டா விடுவாரா? அமலோற்பவமேரி டீச்சர் பாக்கணுமாம்னேன். ஜல்தியா வந்துட்டாரு. உன்கிட்ட எட்டாவது படிச்சவராம், திண்டிவனத்துக்கே கேபிள் விடுறவரு, இன்னும் உன்னைக் கண்டா நடுங்குறாரு.

— அவர் ஒற்றுப்பிழை அதிகம் செய்வார். படம் வந்துவிட்டது. அந்தக் கோடியில், காதில் எதையோ மாட்டிக்கொண்டு... அது நீயா?

— நானேதான்.

— நீ இங்கே என் பக்கத்தில் அல்லவா இருக்கிறாய்? உன் தோழிகள் மட்டும் ஆடுவதாக நினைத்தேன்.

— பேஜாரு பண்ணாத, மேட்ச்சைப் பாரு.

— பொறு. அந்த ஊதாச் சுடிதார், போன மாதம் உன் தோழி சங்கவி திருமணத்துக்கு நான் தைத்துக் கொடுத்தது. மூன்று நாள் விழுப்புரத்தில் இருந்ததாகச் சொன்னாயே?

— கல்யாணம் விழுப்புரத்துலதாம்மா நடந்துச்சு. நான்தான் போகல. நேரா மெட்ராஸ் போயிட்டேன்.

— அப்படியானால் ஆட்டம் போன மாதமே முடிந்துவிட்டது. முடிவும் உனக்குத் தெரியும்!

— டிவியில வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு மேட்ச் நடத்தினவங்க கையெழுத்து வாங்கிக்கினாங்க.

— வினாத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுகிறாய், திருடி! இது தெரியாமல் காலையில் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேனே.

— போன மாசம் முடிஞ்ச மேட்ச்சுக்கா? மாதாவே சிரிச்சிருப்பாங்க. நான் தோக்கணும்னுதானே ஏத்தின?

— அது எனக்கும் மாதாவுக்கும் இடையிலான செய்தி. சரி, ஏமாந்தவள் நான். பெங்களூரில் குளிருமாம், கம்பளி எடுத்துக்கொள்.

— இங்க பாருமா. கேமுக்குள்ள ஓடுற நீலச் சட்டைங்க நாங்க, சிவப்பு அவங்க. குண்டு பட்டு விழுந்தா அந்தச் சுத்து முடியிற வரைக்கும் எழுந்திருக்க முடியாது.

— சுவர் ஓரமாக ஒரு நீலச்சட்டை நிற்கிறதே?

— அது நான்.

— அசையாமல் நிற்கிறாய். இந்த வீட்டில் ஐந்து நிமிடம் நீ அப்படி நின்றதில்லை.

— அவங்க வர்றதுக்குக் காத்துக்கினு இருக்கேன். மத்தவங்க எல்லாம் விழுந்துட்டாங்க. நான் ஒருத்திதான் மிச்சம்.

— அந்தச் சிவப்புச் சட்டைக்காரர் உன் முதுகுப் பக்கமாக வருகிறார் போலிருக்கிறதே. டயானா, அவர்... ஏய், பின்னாடி வரான்டி! திரும்பு!

— வரான்டியா? இருபத்தாறு வருஷத் தமிழ் எங்கம்மா போச்சு?

— வாயை மூடு! சுடு, சுடு! விழுந்தான்! ஐயோ, இன்னும் ரெண்டு பேர்... அவனும் போனான்! இவனும் போனான்! மூணு பேரை ஒண்டியா! எம்பொண்ணுடி நீ!

— கட்டில் உடையப் போவுது, மெதுவா குதி.

— இதை எப்பவோ காட்டியிருக்கக் கூடாதா? இன்னும் எத்தனை சுத்து?

— ஒண்ணுதான்.

— இரு, இரு. அதுக்குள்ள கடைசிச் சுத்து முடிஞ்சிடுச்சா? ஏன் எல்லாரும் அந்தச் சிவப்பு டீமுக்குக் கை தட்டுறாங்க? கோப்பையை அவங்க கையில குடுக்குறாங்க? சின்னதுரை வேற ஆட்டத்தை விட்டுட்டானா?

— இதுதாம்மா ஆட்டம். கடைசிச் சுத்துல தோத்துட்டோம்.

— தோத்தது தெரிஞ்சேவா பெங்களூரை வெச்சுப் பந்தயம் கட்டின?

— பேனாவைக் குடு, கையெழுத்துப் போடுறேன். பந்தயம்னு சொல்லலைன்னா, நான் ஆடுறதை நீ ஒரு நாளாவது உக்காந்து பாத்திருப்பியாம்மா?